சிரித்த மாதிரி ஒரு போட்டோ

கண்ணு,

என் நலம் விசாரிக்கத்தான் போன வாரம் போன் பண்ணினாய் என்று நம்ப எனக்கும் ஆசைதான். சளி தேவலையா, மலையில் மழை உண்டா, மிளகுக் கொடி காய்த்திருக்கிறதா என்று எல்லாம் ஒழுங்காகக் கேட்டாய். போனை வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி, "அம்மா, உன்னோட நல்ல போட்டோ ஒண்ணு வேணும். கொஞ்சம் பெருசா, சிரிச்ச மாதிரி" என்றாய். எதற்கு என்றேன். சும்மாதான் என்றாய். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் பூரித்துப்போய்ப் பெட்டியைத் திறந்திருப்பாள். நீ கேட்டது ஒரு சீரியல்காரியிடம். எங்கள் தொழிலில் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்டாயா, மறந்துபோய்க் கேட்டாயா என்று யோசித்து யோசித்து, அன்றைக்கு ரசத்தில் உப்பே போடாமல் இறக்கிவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததையும் விவரமாக எழுதுகிறேன், காரணம் உண்டு. இந்தக் கடிதத்தை நீ இன்னொருத்தரிடம் காட்ட வேண்டி வரும். சீரியலில் ஒருவரைத் தூக்கிவிடுவது என்று முடிவானால் அதை அவரிடம் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். வசனம் குறையும். மேனேஜர் வழக்கத்தைவிட அன்பாகச் சிரிப்பார். பிறகு ஒரு நாள் உதவி டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "மேடம், உங்க நல்ல போட்டோ ஒண்ணு வேணும், கொஞ்சம் பெருசா" என்பார். கதை முடிந்தது. அடுத்த வாரம் அந்தப் போட்டோ சந்தன மாலையோடு செட்டுச் சுவரில் தொங்கும், அடியில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரியும். சம்பளம் கூட்டிக் கேட்டவர் லாரியில் அடிபட்டுச் செத்தார். மகள் பரீட்சைக்கு லீவு கேட்டவர் காசிக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கேமராவோடு யார் பக்கத்தில் வந்தாலும் என் கண் முதலில் அவர்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

நான் தொழிலுக்கு வந்ததே அடுத்தவள் இடத்தில் போய் உட்கார்ந்துதான். தொண்ணூற்றேழில் நீ நாமக்கல் ஹாஸ்டலில் இருந்தாய். மலைமேல் நம் குண்டூர் நாட்டுக்கு வந்து, நம் வீட்டை ஷூட்டிங்குக்குக் கேட்டார்கள். உன் அப்பா மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார், கேட்டவுடனே சரி என்று தலையாட்டிவிட்டார். மாமியாராக நடிக்க வேண்டிய அம்மாள் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி எடுத்து, மேலே வந்து சேரும்போது வேனுக்குள் சுருண்டு கிடந்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தது நான்தான், ஆனால் என் கவனம் அதில் இல்லை. ஷூட்டிங் ஆட்கள் என் பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் காட்சிக்கு என்று தூக்கிக்கொண்டு போனார்கள். போனது திரும்பி வருமா, நசுங்காமல் வருமா என்று நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டைரக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "அக்கா, உங்க குடத்தைத் தூக்கிட்டுப் போனவரை ஒரு பார்வை பாத்தீங்களே, அதே பார்வையை இந்தப் பொண்ணு மேல போடுங்க" என்றார். போட்டேன். மருமகளாக நடித்த பெண் நிஜமாகவே பயந்து பின்னால் நகர்ந்தாள். அந்த ஒரு பார்வைதான் நமக்குப் பல வருசம் சோறு போட்டது. சாயங்காலம் அந்த அம்மாள் தெளிந்து, சோடா குடித்து, தலை வாரிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வேனில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வந்த வாசல் எனக்குத் தெரியும் அல்லவா? அதே வாசல் வழியாக இன்னொருத்தி என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

அப்புறம் நடிக்கச் சென்னைக்குப் போனேன், அங்கே நான் சந்தேகப்படாத ஆளே கிடையாது. மேக்கப் போடுகிற பெண் யாரிடம் என்ன சொல்கிறாள், மருமகள் பாத்திரத்துக்கு மட்டும் ஏன் வசனம் கூடுகிறது, எல்லாம் எனக்கு வேண்டும். என் பேச்சில் கொங்கு வாடை அடிக்கிறது என்று குரலுக்கு வேறொருத்தியைப் போட்டிருந்தார்கள். முகம் என்னுடையது, சத்தம் அவளுடையது. இன்றைக்குக் குரலை வாங்கிக்கொண்டவள் நாளைக்கு முகத்தையும் வாங்கிக்கொள்வாள் என்று அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு நாள் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவளே சொன்னாள், நான் சென்னைப் பேச்சைக் கற்றுக்கொண்டால் அவள் பிழைப்பு போய்விடும் என்று தினமும் சாமி கும்பிடுகிறாளாம். அப்புறம் இரண்டு பேரும் சிரித்துப் பழகினோம், ஆனால் ஒருவர் மேல் ஒருவர் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

வெளியில் எனக்குத் திட்டு கிடைத்தது. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் வழியை மறித்து, மருமகள் கண்ணீர் சும்மா விடாது என்று சாபம் கொடுத்தாள். நான் ஊருக்குப் போன் பண்ணி அதை உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். திட்டு விழுந்தால் வேடம் பலித்தது என்றுதான் எங்கள் கணக்கு. அந்தத் திட்டு ஒரு நாள் உன் தலையில் வந்து விழும் என்று அப்போது தோன்றவில்லை.

உன் அப்பாவோடு நான் போட்ட சண்டையை நீ ஹாஸ்டலில் இருந்ததால் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணினேன், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் கேட்டபோது பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் என்றார். நான் அதோடு விடுகிறவளா? ஹெட்மாஸ்டருக்குப் போட்டேன். சார் ரெண்டு நாள் லீவுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா என்றார் அவர். அவ்வளவுதான், அதற்கப்புறம் உன் அப்பாவுக்கு நான் பொண்டாட்டியாக இல்லை, போலீசாக இருந்தேன். யார் வீட்டுக்குப் போனீர்கள், எவள் அவள் என்று கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "பலாப்பழம் இனிச்சுதா?"

அந்த வெள்ளிக்கிழமை செட்டுக்கு ஒரு பலாப்பழம் வந்தது. யாரோ ரசிகர் கேட்டில் கொடுத்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு வந்தான். வெட்டியதும் வாசனை அந்தத் தெருவையே தூக்கியது. எல்லாரும் ஆளுக்கு நாலு சுளை தின்றார்கள். யார் கொடுத்தது, எதை வைத்துக் கொடுத்தது என்று தெரியாமல் நான் வாயில் வைக்கவில்லை, செய்வினையாக இருக்கும் என்று மற்றவர்களையும் பயமுறுத்தினேன். அதைச் சுமந்துகொண்டு மலையிறங்கி, பஸ் மாறி வந்தவர் உன் அப்பா. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். நான் கொண்டையும் பட்டும் போட்டு, குடையின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சட்டையோடு உள்ளே வந்து புருசன் என்று சொன்னால் எனக்கு மரியாதையாக இருக்குமோ இருக்காதோ என்று நினைத்தாராம். ஒரு முழுப் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். வெட்கப்பட்டு ஒரு சின்னப் பொய் சொன்னார். ஆனால் உன் அம்மாவின் புத்தியைப் பார், உண்மை தெரிந்த பிறகும் அது அடங்கவில்லை. இதை மறைத்தவர் வேறு எதை மறைக்கிறாரோ என்று அவர் இருந்த காலம் முழுக்க ஒரு கேள்வி என் நாக்கு நுனியில் இருந்துகொண்டேதான் இருந்தது. அவர் போன பிறகு அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அழுதிருக்கிறேன்.

நான் சீரியலில் செத்தது நீ காலேஜில் சேர்ந்த வருசம். மருமகளாக நடித்த பெண்ணுக்கு நிஜக் கல்யாணம் ஆகி அவள் போய்விட்டாள். மருமகள் இல்லாத மாமியார் யாருக்கு வேண்டும்? போட்டோ கேட்டார்கள், கொடுத்தேன். நம் வீட்டு டிவியில் அந்த எபிசோடைப் பார்க்க அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி என் தோளில் சாய்ந்துகொண்டே எனக்காக அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இனி உங்களுக்கு ஆயுசு கெட்டிங்க" என்றாள். காக்கை தலையில் அடித்தால், அடிபட்டவர் செத்துப்போனதாகச் சொந்தபந்தத்துக்குச் சொல்லியனுப்பி அழ வைப்பார்கள் அல்லவா, அழுதால் தோஷம் கழிந்துவிடும் என்று? நாலு பேர் அழுததற்கே அப்படி என்றால், ஊர் உலகமே அழுத எனக்குச் சாவே கிடையாது என்பது அவள் கணக்கு. நீ காலேஜிலிருந்து போன் பண்ணி, துக்கம் கேட்டு நண்பர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் மாலையோடு கொடுத்தனுப்பிய அந்தப் போட்டோவை வீட்டுக்குள் விடவே மாட்டேன் என்று மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டார். அப்புறம் சில வருசத்தில் வீட்டுச் சுவரில் அவர் போட்டோ ஏறியது, அது நடிப்பாக இல்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். உன் போன் வந்த இரண்டாம் நாள் மலையிறங்கி சேந்தமங்கலத்தில் உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மிளகு கொடுக்க வந்தேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, வேவு பார்க்கத்தான் போனேன். உன் கல்யாணத்தைப் பெரியப்பா முன்நின்று நடத்தட்டும், நான் மலையிலிருந்து அலைய வேண்டாம், முடிந்தால் முகூர்த்தத்துக்கு வந்தால் போதும் என்று நீ சொன்னதை அக்கறை என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். பெண் பார்க்க நான் வரவில்லை, நிச்சயத்துக்குக் காய்ச்சலில் கிடந்தேன், பத்திரிகை இன்னும் என் கண்ணில் படவில்லை. இதோடு போட்டோவும் சேர்ந்தால் எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா? பெரியம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன்.

"பெரியவர் இருக்காருங்களா? சம்பந்தி பேசறேனுங்க, திருப்பூர்ல இருந்து."

"தோட்டத்துக்குப் போயிருக்காருங்க."

"நீங்க பெரியம்மாளுங்களா?"

அந்த இடத்தில், நான் மாப்பிள்ளையின் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் எந்த அறைக்குள்ளும் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல் நுழைந்து எனக்குப் பழக்கமில்லை. "இல்லீங்க, சொந்தக்காரி" என்றேன். குரலை வைத்து அவரால் கண்டுபிடிக்க முடியாது, அவர்கள் வீட்டு டிவியில் கேட்டது வேறொருத்தியின் குரல்.

"அப்படீங்களா. அப்பனும் ஆத்தாளும் இல்லாத பையன், எத்தன தன்மையா இருக்குது பாருங்க. அந்தம்மாவுக்கு இதையெல்லாம் பாக்கக் குடுத்து வெக்கலையேன்னு எங்க ஊட்டுல ஒரே பேச்சுங்க. நீங்க அவங்களப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேனுங்க."

"எப்படிப்பட்டவங்க?"

"கொஞ்சம் சந்தேகப் பிராணிங்க. மத்தபடி மகன் மேல உசுரு."

நல்ல மனுசன். அது இருக்க வேண்டியதுதானுங்க என்று சொல்லிவிட்டு, மண்டபத்தில் மணவறைப் பக்கத்தில் இரண்டு போட்டோவையும் வைக்க ஒரு மேசை ஏற்பாடு பண்ணியிருப்பதாகச் சொன்னார். அவர் வைத்த பிறகும் நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். பெரியம்மா வந்து என் முகத்தைப் பார்த்தார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். நீ முதல் தடவை அந்தப் பெண் வீட்டுக்குப் போனபோது டிவியில் என் பழைய சீரியல் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்ததாம். பெண்ணின் அம்மா காபியை உன் கையில் கொடுத்துவிட்டு, டிவியைக் காட்டி, இப்படி ஒருத்தி வீட்டுக்கு மகளை அனுப்புவதற்குக் கிணற்றில் தள்ளலாம் என்றாராம். அடுத்ததாக, உங்க அம்மா என்ன பண்றாங்க என்று கேட்டாராம். நீ "இல்லீங்க" என்றாயாம். அவர்கள் ஐயோ பாவம் என்றார்களாம். நீ திருத்தவில்லை.

"அவன் யோசிச்சுச் சொல்லலை அம்முணி, வாயில வந்துருச்சு. அப்புறம் எப்படித் திருப்பறதுன்னு தெரியாம எங்ககிட்ட வந்து அழுதான்" என்றார் பெரியம்மா.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நீ ஒன்றுதான் சொன்னாய், அதில் என்னையே முடித்துவிட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை. பஸ் மலையேறுகிற வழியெல்லாம் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பா போட்டோவுக்கு முன்னால் நின்று, பாத்தீங்களா உங்க மகனை என்று கேட்டேன். பிறகுதான் நீ கேட்ட அந்தச் "சிரிச்ச மாதிரி" என்பதன் விவரம் பிடிபட்டது. சீரியலில் நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. சிரித்த முகமாக இருந்தால் உன் மாமியாருக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்திருக்கிறாய். என் மகன்தான் நீ, வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? காலேஜில் நீ பழகிய பெண்ணின் ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி, பேங்க்கில் இருந்து பேசுவதாகச் சொல்லி அவள் குடும்பத்தைத் துருவினேனே, அவள் மிரண்டு ஒதுங்கிப்போனாளே, அந்த வித்தையைத்தான் நீ என்னிடம் கற்றிருக்கிறாய். அன்றைக்கு உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றேன், இன்றைக்கும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது. மீதிப் பாதிதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறது.

இந்த விசயத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்குத் தெரியாது, அதனால் கேட்டுக்கொள். உன் மாமனார் மாமியார் எதை நம்பினாலும் எனக்குக் கவலையில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? பெரியம்மாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்றால், தாலி கட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. என்றைக்காவது அவளுக்கு இது வேறு யார் வாயிலிருந்தாவது வரும். வந்த அன்றைக்கு உன் அம்மாவைப் பற்றிச் சொன்ன பொய் அவளுக்குப் பெரிதாகத் தெரியாது. இவன் வேறு எதை மறைத்தான் என்று தேட ஆரம்பிப்பாள். நீ ஆபீசிலிருந்து நேரம் கழித்து வந்தால் தேடுவாள், போனை எடுக்காவிட்டால் தேடுவாள். நீ சுமந்துகொண்டு வருகிற பலாப்பழம் அவளுக்கு இனிக்காது. சீரியலில் என்னைப் பார்த்துப் பயந்த அவள் அம்மாவுக்கு, தன் மகளே அப்படி ஆகிவிட்டதைப் பார்க்க நேரும். நல்ல பெண்ணை என்னை மாதிரி ஆக்கிவிடாதே சாமி.

போட்டோவை இதோடு அனுப்பவில்லை. நான் சிரித்த மாதிரி வீட்டில் ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயில் ஆடி நோம்பியில் உன் அப்பா எடுக்கச் சொன்னது. என் இடுப்பில் நீ இருக்கிறாய், என் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு. அதைப் பெருசாக்கினால் நீயும் சேர்ந்துதான் பெருசாவாய். உன்னை வெட்டிவிட்டுப் பார்த்தால் என் சிரிப்புக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். அதனால் முகூர்த்தத்தன்று அதை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். மண்டபத்து வாசலில் நிற்பேன், நீ வந்து வாங்கிக்கொள். போட்டோவை மட்டும் உள்ளே கொண்டுபோனாலும் அழ மாட்டேன். சொந்தக்காரி என்று உன் மாமனாரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன், பின்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு, பந்தியில் சாப்பிட்டுவிட்டு மலையேறிவிடுவேன். இப்போது தலை நரைத்துவிட்டது, பஸ்ஸில்கூட யாரும் என்னை அடையாளம் கண்டு திட்டுவதில்லை. மேசையில் என் படத்துக்கு மாலை போட்டால் போடட்டும், எனக்கு அது புதிதில்லை.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். பாப்பாத்தி சொன்ன கணக்குப்படி ஏற்கெனவே எனக்கு ஆயுசு கெட்டி. இப்போது திருப்பூரில் ஒரு குடும்பமே நான் செத்துவிட்டதாகப் பரிதாபப்படுகிறது, அதுவும் சேர்ந்துகொள்ளும். நான் ரொம்ப நாள் இருப்பேன் கண்ணு. உனக்குப் பிள்ளை பிறக்கும்போது இருப்பேன், அது நடக்கும்போது இருப்பேன், பலா காய்க்கிற ஒவ்வொரு வருசமும் இந்த மலையில் இருப்பேன். அத்தனை காலமும் என்னை ஒளித்து வைத்துக்கொண்டு உன்னால் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன முடியுமா என்பதுதான் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே சந்தேகம்.

உன் அம்மா